வாய் திறக்காத ஒன்பதாம் படுக்கை

எங்கள் வண்டியின் தலையில் விளக்கு உண்டு. எரிய விடக் கூடாது. சைரன் உண்டு, ஊதக் கூடாது. உயிருக்கு ஊசலாடுகிறவர்களை அள்ளிக்கொண்டு பறக்கிற ஆம்புலன்ஸ் வேறு. எங்களுடையது ஆற அமரப் போகிற ஆம்புலன்ஸ். ஆபரேஷன் முடிந்தவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது, கட்டு மாற்ற வேண்டியவரைக் கூட்டி வருவது, ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய், "இன்னைக்கு மெஷின் ஓடல" என்று அங்கே சொன்னதும் அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு வருவது. தூக்குகிறவன் நான். என் முதுகுக்கு இது இருபத்தாறாவது வருடம். அதற்கு முன்னால் சிமெண்டு மூட்டை தூக்கினேன். மூட்டையில் ஒரு வசதி, எத்தனை கிலோ என்று மேலேயே அச்சடித்திருக்கும். எந்தப் பக்கம் பிடித்தாலும் "ஐயோ" என்று கத்தாது.

மனிதர்கள் மேல் ஒன்றும் அச்சடித்திருக்காது. பறக்கிற வண்டிக்காரர்களுக்கு ஃபோனிலேயே எல்லாம் சொல்லிவிடுவார்கள்: ஆண், ஐம்பது வயது, நெஞ்சு வலி, இன்ன மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்று. எங்களுக்கு ஒரு சீட்டுதான். அதில் பெயர், வயது, நோய், நடப்பாரா, பேசுவாரா, குறிப்பு என்று ஆறு கட்டம் இருக்கும். ஆறிலும் எழுத்தர் ஆறு கோடு போட்டுத் தருவார். படுக்கை எண்ணும், போகிற முகவரியும் மட்டும் இருக்கும்.

மற்ற விவரம் எல்லாம் ஒரு பழுப்பு நிறக் கவரில் போட்டு, நாலு பின் அடித்து, நோயாளியின் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அதை வீட்டுக்காரர்கள்தான் பிரிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகே கவரைக் கொடுக்க வேண்டும். நாங்கள் தொட்டோம், தொலைந்தோம்.

இந்த விதி வந்ததே எங்கள் டிரைவரால்தான். அவருக்குப் புயல் என்று பெயர் வைத்திருக்கிறோம். சைக்கிள்காரர்கள் எங்கள் வண்டியை முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள், அதனால் வைத்த பெயர். ஒரு தடவை புயல் கவரைப் பிரித்துப் படித்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீடு தெரியாமல் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, "மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர் வீடு எதுங்க?" என்று நாலு பேரிடம் கேட்டார். அந்த நாலு பேரில் ஒருவர் நோயாளியின் சம்பந்தி. புயல் மூன்று மாதம் வண்டி ஓட்டவில்லை, எல்லா வண்டிகளையும் கழுவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பழுப்புக் கவரைக் கண்டாலே பாம்பைக் கண்ட மாதிரி விலகிப் போவார்.

இப்போது ஒன்பதாம் படுக்கைக்கு வருகிறேன்.

அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி வந்து அதை எடுத்திருந்தார்கள். பத்து நாள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது. பேசினால் புண் பிரிந்து குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரல் போனால் ஏலக்காரருக்கு என்ன மிச்சம்? இரண்டு கையும் ஒரு தொப்பையும்தான். இந்த விஷயம் அவருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், வார்டு துடைக்கிற அம்மாவுக்கும் தெரியும். உலகத்தில் தெரியாதவர்கள் நானும் புயலும். எங்களிடம்தான் அவரை ஒப்படைத்தார்கள்.

அவர் மனைவி கெட்டிக்காரி. சொந்த வீட்டில் இருந்தால் சந்தை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், மனிதர் பேசாமல் இருக்க மாட்டார். எந்த வீட்டில் இருந்தால் வாயே திறக்க மாட்டார் என்று யோசித்து, தன் அண்ணன் வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். அண்ணனுக்கும் புருஷனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இதைவிடப் பாதுகாப்பான இடம் ஆஸ்பத்திரியில்கூடக் கிடையாது. அவர் ஃபோனையும் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, "மருந்து வாங்கிட்டு வந்துடறேன், சேர்ந்து போகலாம்" என்று சொல்லிவிட்டு மருந்து வரிசையில் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து நாங்கள் போனோம்.

காலை பத்து மணி. நர்சுகள் முறை மாறுகிற நேரம். போகிற நர்சு பையை மாட்டிக்கொண்டிருந்தார், வருகிற நர்சு பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதா? கூட்டிட்டுப் போங்க" என்றார் ஒருவர்.

"இவருக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் கவர்ல இருக்கு."

"கவரை நாங்க பிரிக்கக் கூடாதும்மா."

"அப்ப பிரிக்காதீங்க."

சீட்டைப் பார்த்தேன். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்திரண்டு வயதில்தான். கோடு படிப்பதற்கு அது போதும். ஐந்து கட்டத்தில் கோடு. ஆறாவதில், அதிசயமாக, ஒரு வார்த்தை: "கவனம்". பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி வேறு.

"அண்ணே, கவனம்னு போட்டிருக்கு" என்றேன்.

புயல் எட்டிப் பார்த்தார். "எதுல கவனம்?"

"அது போடல."

"எலும்பா? தொத்து வியாதியா? இல்ல, ஆளே ஒரு மாதிரியா?"

"தெரியலையே."

"அப்ப எல்லாத்துலயும் கவனமா இருப்போம்" என்று சொல்லிப் புயல் முகமூடி போட்டுக்கொண்டார். அதற்கு மேல் இன்னொன்றும் போட்டுக்கொண்டார்.

நாங்கள் இப்படி முடிவெடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் படுக்கை செருப்பை மாட்டிக்கொண்டு, வேட்டைக்குப் போகிறவர் மாதிரி கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்தோம்.

"ஐயா, ஐயா! சீட்டுல நடப்பார்னு போடல. நீங்க நடந்து விழுந்தா எங்க தலை உருளும்."

மனிதருக்கு நெஞ்சு மட்டுமே ஒரு பீரோ அளவு இருந்தது. கீழே அதற்கேற்ற வயிறு. தூக்கிப் படுக்க வைத்துப் பட்டை போட்டபோது என் முதுகு என்னிடம் ஏதோ கேட்டது, பதில் சொல்லவில்லை. அவர் இரண்டு கையாலும் வராந்தாவைக் காட்டினார். தலைக்குப் பின்னால் கொண்டை போட்டுக் காட்டினார். மணிக்கட்டில் வளையல் குலுக்கிக் காட்டினார்.

"நர்சம்மாவைத் தேடறார்" என்றார் புயல். "நன்றி சொல்லணும் போல."

"நான் சொல்லிடறேன் ஐயா" என்று சொல்லி, போகிற நர்சுக்கு ஒன்றும் வருகிற நர்சுக்கு ஒன்றுமாக இரண்டு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். மருந்து வரிசையைத் தாண்டித்தான் போனோம். அதில் எழுபது பேர் நின்றார்கள். அவர் உடம்பை வளைத்து வளைத்து அந்தப் பக்கமே பார்த்தார். அவர் மனைவி அந்த நேரம் ஜன்னலுக்குள் தலையை விட்டு, மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

வண்டி கிளம்பியது. பின்னால் நானும் அவரும். பேச்சுக் கொடுத்தால் நோயாளிக்குத் தைரியம் வரும் என்பது என் அனுபவம்.

"சாப்பிட்டீங்களா ஐயா? எந்தப் பக்கம் நமக்கு? பிள்ளைங்க எத்தனை?"

அவர் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"அண்ணே, பேசாதேங்கறார்" என்றேன்.

"நீ பேசினா யாருக்குத்தான் தலை வலிக்காது? வாயை மூடிக்கிட்டு வா" என்றார் புயல்.

மூடிக்கொண்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். விரலால் தன்னைக் காட்டினார், மறுபடி உதட்டைக் காட்டினார். நான் இன்னும் கெட்டியாக மூடிக்கொண்டேன். அவர் மறுபடி தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன பண்றார்?" என்று புயல் கேட்டார்.

"தலையில அடிச்சுக்கறார்."

"அதான் கவனம்னு போட்டிருக்கான்."

அடுத்ததாக அவர் தொண்டையைக் காட்டினார். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். மறுபடி தொண்டை. மறுபடி தண்ணீர். நாலாவது தடவை பாட்டிலைத் தட்டிவிட்டு, கழுத்தின் குறுக்கே விரலை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் சரக்கென்று இழுத்துக் காட்டினார். ஆபரேஷன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே..." என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"என்னப்பா?"

"கழுத்தை அறுத்துடுவேங்கறார்."

வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "யார் கழுத்தை?"

நான் அவரையே கேட்டேன். அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பொறுமையாக இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"பத்துங்கறார் அண்ணே."

"பத்து பேரா!" என்று புயல் கத்தினார். "ஏற்கெனவே பத்து பேரா, இல்ல இனிமேதானா?"

"நாம ரெண்டு பேர்தானே இருக்கோம். முன்னாடியே எட்டு முடிச்சிருப்பாரோ?"

நான் எழுந்து இன்னும் இரண்டு பட்டை எடுத்துப் போட்டு இறுக்கினேன். புயல் வண்டியை ஓரம் கட்டி வார்டுக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"எந்தப் படுக்கை? ஒன்பதா? ஒன்பதுல யாரும் இல்லையே, காலியா இருக்கே."

"அந்த ஆளு இங்க என் வண்டியில இருக்கார்மா!"

"அப்ப சரிதானே" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய சீட்டு ஒன்றின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொடுத்து, "எழுதிக் காட்டுங்க ஐயா" என்றேன். அவர் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து, கீழே இரண்டு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அதற்குப் பக்கத்தில் 10 என்று எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

படிப்பு கையெழுத்தோடும் கணக்கோடும் நின்றுபோனவரை எனக்கு உடனே தெரியும். நானும் பல வருடம் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்குப் பயம் பாதியாகிவிட்டது. பட்டையைத் தளர்த்தவில்லை, பாதிப் பயம் பாக்கி இருந்ததே.

கடைசியாக அவர் தலையணைக்கு அடியில் கை விட்டு அந்தப் பழுப்புக் கவரை உருவினார். பின்னைப் பல்லால் கடிக்கப் போனார். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"இதை மட்டும் செய்யாதீங்க ஐயா! வண்டிக்குள்ள பின் போச்சுன்னா நாங்கதான் பிரிச்சோம்பாங்க. அண்ணனுக்கு வண்டி கழுவிக் கழுவி வந்த சேத்துப்புண்ணு இன்னும் ஆறல."

கவரை முன்னால் புயலிடம் கொடுத்தேன். புயல் அதை நுனி விரலால் வாங்கி, தன் மேல் படாமல் அடுத்த சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டுவிட்டார்.

மச்சான் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு கையும் ஸ்ட்ரெச்சருக்கே வேண்டியிருந்ததால், புயல் வேறு வழியில்லாமல் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாற்பத்திரண்டு படி. எண்ணியது நானில்லை, என் முதுகு. பாதி வழியில் அவர் தன் காலைக் காட்டி, ஆட்டி, நடப்பது போல இரண்டு விரலை ஓட விட்டார். "பாவம், கால்ல உணர்ச்சி வருதான்னு பாக்கறார்" என்று சொல்லிப் புயல் கண் கலங்கினார்.

மேலே ஒரு பொது நடை. எதிரும் புதிருமாக இரண்டு வீட்டுக் கதவு. எதிர் வீட்டு வாசலில் ஒரு மனிதர் நல்ல பிரம்பு நாற்காலி ஒன்றில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார். நாங்கள் மணி அடித்தோம். கதவைத் திறந்தவர் மச்சான். மெலிந்த உடம்பு, காதில் பென்சில். ஓய்வு பெற்ற தபால்காரர் என்று பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது அவருடைய வாய்.

"வா மாப்பிள்ளை, வா! ஆறு வருஷம் கழிச்சு வாசல் தெரிஞ்சுதா? அதுவும் படுத்துக்கிட்டு வர்றே. தங்கச்சி நேத்து ஃபோன்ல, பத்து நாள் தங்கட்டும் அண்ணேன்னா. சரின்னேன். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நீயா வாயைத் திறந்து 'மச்சான், நான் செஞ்சது தப்புதான்'னு ஒரு வார்த்தை. பழசெல்லாம் அதோட போச்சு. சொல்லு."

ஏலக்காரர் வாயை இறுக்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்று மச்சான் எங்களிடம் திரும்பினார். "திமிரு! என்ன செஞ்சார்னு கேளுங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்க விருந்துக்கு வந்தார். சாப்பிட்டார். சும்மா இருக்க முடியாம, விளையாட்டுக்கு என் நாற்காலியை ஏலம் விட்டார். ஒரு தரம், ரெண்டு தரம்னு அந்தத் தொண்டையில ஆரம்பிச்சா யாராலதான் கையைத் தூக்காம இருக்க முடியும்? எதிர்வீட்டுக்காரன் தூக்கினான். ஒரு டீக்கு. ஒரு டீக்குப் போச்சு என் நாற்காலி! அதோ உக்காந்திருக்கான் பாருங்க. தினம் காலையில கதவைத் திறந்தா இதான் காட்சி."

எதிர்வீட்டுக்காரர் நாற்காலிக் கையைத் தட்டினார். "ஏலம்னா ஏலம்தாங்க. மூணு தரம் சொல்லியாச்சு."

"ஐயா, அதெல்லாம் அப்புறம்" என்று நான் சீட்டை நீட்டினேன். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஆளை இறக்கணும், என் முதுகு தாங்கல."

"கையெழுத்தா? முப்பத்தஞ்சு வருஷம் ஒவ்வொரு வாசல்லயும் கையெழுத்து வாங்கினவன் நான். அதோட மதிப்பு எனக்குத் தெரியும். இவர் ஒரு வார்த்தை பேசட்டும், போடறேன்."

"இவர் பேசவே மாட்டேங்கறார் ஐயா. உடம்புக்கு என்னன்னும் எங்களுக்குத் தெரியல. எல்லாம் கவர்ல இருக்கு."

"கவரைக் குடு."

"கையெழுத்துப் போட்டாத்தான் குடுக்கலாம்."

"இவர் பேசினாத்தான் போடுவேன்."

"அப்ப கவரையாவது நீங்களே எட்டிப் பறிச்சுக்கங்களேன்" என்று புயல் கெஞ்சினார். "நாங்க வேற பக்கம் பாக்கறோம்."

"கையெழுத்துப் போடாத தபாலை நான் தொடறதா?" மச்சான் ஓரடி பின்னால் போனார். "என்னைப் பத்தி என்ன நினைச்சே?"

அப்படியே நின்றோம். பீரோ எடையில் ஒருவர் நடுவில், தலைப்பக்கம் புயல், கால்பக்கம் நான். உள்ளே இருந்து மச்சான் மனைவி கரண்டியோடு வந்தார். "அண்ணே, ஒரு வார்த்தைதானே, சொல்லிடுங்களேன். இவர் ஆறு வருஷமா இதே புலம்பல். சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாலும் நாற்காலியிலதான் வந்து முடிப்பார்."

எதிர்வீட்டுக்காரரும், "சொல்லிடுங்க சார், நல்லாருக்கும்" என்றார்.

புயல் முகமூடியை இறக்கிவிட்டுக் குனிந்தார். "ஐயா, பத்து பேரைப் பத்தியெல்லாம் நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். ஒரே வார்த்தை. மச்சான்னு மட்டும் சொல்லுங்க. முதுகு ரெண்டு பிழைக்கும்."

என் பங்குக்கு நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "வாயைத் திறங்க ஐயா. பேசினாத்தானே மனசு ஆறும்!"

ஏலக்காரர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கோபத்தால் வந்த தண்ணீர் இல்லை அது. ஒரு சாமானை நஷ்டத்துக்கு விடப் போகிறவன் முகம் எனக்குத் தெரியும். அந்தப் பீரோ நெஞ்சு மெதுவாக மேலே ஏறியது. மூச்சை இழுத்துவிட்டார். உதடு பிரிய ஆரம்பித்தது. அப்போதும் அவர் ஒரு கை மட்டும் புயலின் கக்கத்தில் இருந்த பழுப்புக் கவரையே காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மனிதன் காலையிலிருந்து எதையோ காட்டிக்கொண்டே இருக்கிறான், நாங்கள் காலையிலிருந்து பட்டை போட்டுக்கொண்டே இருக்கிறோம். அது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

கால்பக்கத்தை அப்படியே தரையில் வைத்தேன். கவரைப் பிடுங்கினேன்.

"டேய், வேண்டாம்டா! பின்னு! பின்னு!" என்று புயல் அலறினார்.

நாலு பின்னும் நாலு திசையில் பறந்தன. உள்ளே ஏகப்பட்ட காகிதம். நல்ல வேளை, மேல் காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். எனக்கு அச்சு எழுத்துதான் கொஞ்சம் ஓடும். அதையும் விரல் வைத்துத்தான் படிப்பேன். படித்து முடிக்கும் முன்பே விஷயம் புரிந்துவிட்டது. ஒரே தாவலில் போய் ஏலக்காரரின் வாயைப் பொத்தினேன். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த வார்த்தை என் உள்ளங்கையில் முட்டி நின்றது. அந்த வேகத்தில் கையைக் கடித்துவிட்டார்.

"ஐயோ! தொண்டை ஆபரேஷன்! பத்து நாளைக்கு இவர் பேசக் கூடாது! பேசினா குரல் போயிடும்! ஐயா, பல்லை எடுங்க!"

மச்சான் மனைவியின் கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு தரையில் விழுந்தது.

புயல் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். "அப்ப அந்த உதட்டுல விரல்... அந்தக் கழுத்து... பத்து..." என்று முனகிக்கொண்டே தலைப்பக்கத்தையும் தரையில் வைத்துவிட்டுப் போய்ச் சுவரோடு சாய்ந்தார்.

மச்சான் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கவில்லை, கையெழுத்துப் போடவில்லையே. கழுத்தை மட்டும் நீட்டி, மூக்கு அதில் படுகிற மாதிரி படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது. பிறந்த குழந்தையைப் பார்க்கிற முகம்.

"பத்து நாளா?" என்றார். "நான் என்ன சொன்னாலும்?"

"ஒண்ணும் பேச முடியாதுங்க."

"ஏதாவது குறுக்க?"

"முடியாதுங்க."

"எங்க அந்தச் சீட்டு?" காதிலிருந்த பென்சிலை உருவி, வேண்டாம் என்று பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "மாப்பிள்ளையை உள்ள கொண்டு வாங்கப்பா! மெதுவா! தலையணை எடுடி! மாப்பிள்ளை, அந்த நாற்காலி விஷயத்தை நான் முதல்லருந்து ஆரம்பிக்கறேன்..."

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஏலக்காரரின் மனைவி இரண்டு கையிலும் மருந்துப் பையோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். பேருந்தில் வந்திருக்கிறாள். நாங்கள் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பியவள், கிட்டத்தட்ட எங்களோடேயே வந்து சேர்ந்துவிட்டாள். புயலின் ஓட்டம் அப்படி.

"பேசிட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லம்மா."

"நிஜமா?"

கடிபட்ட கையைக் காட்டினேன். நம்பினாள். பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "ஃபோன்லயே சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ பேசி முடிச்சாத்தானே? அதுக்குள்ள என் ஸ்டாப் வந்துடுச்சு." பிறகு புருஷனைப் பார்த்து, "அதென்ன ஏழெட்டு பட்டை? எழுந்திரிங்க!" என்றாள்.

பட்டைகளை அவிழ்த்தோம். ஏலக்காரர் எழுந்தார். செருப்பை மாட்டினார். ஜம்மென்று நடந்தார். நாற்பத்திரண்டு படியும் என் கண் முன்னால் ஒருமுறை வந்து போனது. புயலைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார்.

ஏலக்காரர் வீட்டுக்குள் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று நாற்காலியை விரலால் காட்டினார். பிறகு ஒரு விரலைத் தூக்கி எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிவதற்குள், மச்சானின் கை தானாக மேலே போய்விட்டது. ஏலக்காரர் இரண்டாவது விரலைத் தூக்கினார். எதிர்வீட்டுக்காரர், "இருங்க, இருங்க, இது என்..." என்று எழுந்தார். எழுந்ததுதான் தப்பு. மூன்றாவது விரல். உள்ளங்கையில் பட்டென்று ஒரு தட்டு. ஏலக்காரர் நாற்காலியை ஒரே கையில் தூக்கிக்கொண்டு மச்சானின் வீட்டுக்குள் போய்விட்டார்.

"என்னங்க இது அநியாயம்!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஏலம்னா ஏலம்தாங்க" என்றார் மச்சான். கதவைச் சாத்துவதற்கு முன் மனைவியிடம், "அவருக்கு ஒரு டீ குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் எப்படியோ ஆபீசுக்குப் போய், எங்கள் சூப்பர்வைசர் கவரில் இருந்த பின் எப்படிப் போனது என்று கேட்டார். புயல் யோசிக்கவே இல்லை. "வழியில பள்ளம் சார்" என்றார். "நாலு பள்ளம்."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பதினோராம் நாள் ஒரு சீட்டு வந்தது. ஆறு கட்டம், ஆறு கோடு. முகவரியைப் பார்த்ததும் என் முதுகு எனக்கு முன்னால் புரிந்துகொண்டது. அதே இரண்டாம் மாடி. இந்த முறை அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு.

கதவு திறந்தது. பிரம்பு நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. தொண்டையைக் காட்டினார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

நானும் புயலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தத் தடவை பட்டையைத் தொடவில்லை.

"இவருக்கு என்னங்க?" என்று கேட்டேன், யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற பழக்கத்தில்.

உள்ளே இருந்து ஒரு குரல் கிளம்பியது. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"வாங்க தம்பி, வாங்க! எழுதிக்கோங்க!" ஏலக்காரர் கையை விரித்துக்கொண்டு வந்தார். "ஆண்! வயசு அறுபத்து மூணு! எடை ஐம்பத்தொண்ணு! பத்து நாளா, காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி தூங்கற வரைக்கும் நிறுத்தாம பேசினார்! நாற்காலியைப் பத்தி நாலு நாள்! எங்க கல்யாணத்துல நான் போட்டிருந்த சட்டையைப் பத்தி ரெண்டு நாள்! மிச்சம் பொது விஷயம்! நேத்து சாயந்திரம் அஞ்சே காலுக்குக் குரல் நின்னுது! காய்ச்சல் இல்ல! சர்க்கரை இல்ல! நடப்பார்! கடிக்க மாட்டார்!"

புயல் வேகவேகமாக எழுதினார். ஆறு கட்டமும் நிரம்பி, ஓரம் நிரம்பி, பின்பக்கமும் நிரம்பியது. இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியைப் பற்றி முழு விவரம் எங்களுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஏலக்காரர் வண்டியிலும் கூடவே ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் விவரம் நிற்கவே இல்லை.

பாதி வழியில் மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏலக்காரரைக் காட்டிவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்தார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து நீட்டினேன்.